பொருள்: இடரா, ஏதமா, அபாயமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மதுரையிலிருந்து, திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம்.

தேனிப் பக்கம் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்து தருகிறேன். ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதிக்கு விண்ணப்பம். அதில் ஓர் அட்டவணை உண்டு. முதல் கட்டம் ரிஸ்க். பிறகு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் என்ன பாதிப்பு, அதற்கு என்ன செய்வீர்கள், யார் பொறுப்பு, அப்படியும் மிஞ்சுவது என்ன.

இதுவரை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ ஆங்கிலத்தில் நிரப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த முறை மைய ஆசிரியைகளே தமிழில் எழுதட்டும் என்று முடிவு. முதல் கட்டத்துக்கு "இடர்" என்று தலைப்பிட்டு நான்கு மையங்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். வந்த பதில்கள்: "மின்சாரம் சரியில்லை. கழிவறைக்குக் கதவு இல்லை. மழை பெய்தால் ஒழுகுகிறது. மூன்று மாதமாக ஊக்கத்தொகை வரவில்லை."

எல்லாம் உண்மை. ஆனால் ஒன்றுகூட ரிஸ்க் இல்லை, ஏற்கெனவே இருக்கும் கஷ்டம். எனக்கு வேண்டியது இனி நடக்கக்கூடியது: பாடம் எடுக்கும் பெண்ணுக்குத் திருமணமாகி வெளியூர் போகலாம். ஏலக்காய் சீசனில் பெற்றோர் இடுக்கி மலைக்கு ஜீப்பில் போய் இருட்டிய பின் திரும்புவதால் மூத்த பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடலாம். தலைமை ஆசிரியர் மாறி, வருபவர் வகுப்பறைச் சாவி தர மறுக்கலாம்.

"இடர்" இதைச் சொல்லவில்லை. வேறு என்ன?

கோவையிலிருந்து, செவ்வாய் காலை

தம்பிக்கு,

சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஏதம். தெரிந்துசெயல்வகை அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "தெளிவி லதனைத் தொடங்கார் இளிவென்னும் ஏதப்பா டஞ்சு பவர்." ஒரு வினையைத் தொடங்குமுன் என்னென்ன எண்ண வேண்டும் என்பதுதான் அந்த அதிகாரம் முழுவதும். நிதி கேட்கும் எவரும் அந்தப் பத்துக் குறளையும் அட்டவணைக்கு மேலே ஒட்டி வைக்கலாம்.

பேதைமை அதிகாரத்தில் இன்னும் தெளிவு: "ஏதங்கொண் டூதியம் போக விடல்." ஊதியத்துக்கு எதிர்த்தட்டில் ஏதம். நீங்கள் "ரிஸ்க் எடுக்கிறேன்" என்கிறீர்களே, அதுதான் ஏதங்கொள்ளல். இதைவிட என்ன வேண்டும்?

வினைத்திட்பத்தில் "ஊறொரால் உற்றபின் ஒல்காமை" என்கிறார். ஊறு வராமல் விலகுவது ஒன்று, வந்தபின் தளராதிருப்பது மற்றொன்று. உங்கள் நான்காம் கட்டத்தையும் அவர் நிரப்பி வைத்துவிட்டார்.

சென்னையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, குறளில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் காட்டும் இடத்திலேயே ஏதம் என்பதற்குக் கேடு என்றுதான் உரை சொல்கிறார்கள். கேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லாபத்தை விட்டவன் பேதை. அங்கே "வரலாம், வராமலும் போகலாம்" எங்கே இருக்கிறது? இடருக்கு உள்ள அதே நோய் ஏதத்துக்கும் உண்டு. கூடவே யாருக்கும் புரியாது என்ற நோயும்.

மென்பொருள் தமிழாக்கத்தில் பத்து வருடமாக "இடர்", "இடர் மேலாண்மை" என்றே போட்டு வருகிறோம். இப்போது மாற்றினால் பழையதையெல்லாம் யார் திருத்துவது?

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் இரவு

இங்கே வங்கி, நிதி ஆவணங்களில் "இடர்நேர்வு" புழக்கத்தில் இருக்கிறது. இடர் நேர்வது பற்றியது என்பதால் வெறும் இடரிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்கும். உங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு என்று நினைக்கிறேன். நீங்கள் புயல், வெள்ளத்தைப் "பேரிடர்" ஆக்கிவிட்டீர்கள். பேரிடர் நடந்து முடிந்த அழிவு என்றால் இடர் சின்ன அழிவு என்றுதானே வாசிப்பார்கள்? நாங்கள் அதை அனர்த்தம் என்கிறோம், அதனால் இடர் எங்களுக்கு மிச்சமாக இருக்கிறது. அனர்த்தம் தமிழா என்று கோவை ஐயா கேட்பார், தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தச் சொல்லை மாற்ற இங்கே யாருக்கும் மனம் வராது.

திருச்சியிலிருந்து, புதன் காலை

"வருமிடர்" எப்படி?

முதலில் "வரு இடர்" என்று யோசித்தேன். ஆனால் அது வினைத்தொகை. ஊறுகாய்க்கு ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று விரிப்பது போல வந்த இடர், வருகின்ற இடர், வரும் இடர் மூன்றும் அதற்குள் அடங்கும். நமக்கு முதல் இரண்டும்தான் ஆகாது! பெயரெச்சமாக விரித்து வைத்தால் எதிர்காலம் மட்டும் நிற்கும்.

(ஐயாவின் "ஊறு" கட்டத்தைப் பார்த்தால் மதிய உணவுப் பட்டியல் என்று நினைத்துக்கொள்வார்கள்.)

சென்னையிலிருந்து, புதன் காலை

வரும் என்றால் வந்தே தீரும் என்று ஆகிறதே. நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று அடுத்த கட்டத்தில் கேட்பது எதற்கு?

தேனியிலிருந்து, புதன் மாலை

வணக்கம். நான் தமிழறிஞர் இல்லை, மையங்களைப் பார்த்துக்கொள்பவள். மதுரை அண்ணன் சொல்லித்தான் குழுவில் சேர்ந்தேன்.

இன்று மாதக் கூட்டத்தில் எல்லாச் சொல்லையும் பலகையில் எழுதினேன். ஏதத்தை "ஏதோ" என்று படித்தார்கள். இடர்நேர்வை "நேர்காணல் மாதிரியா அக்கா?" என்று ஒருவர் கேட்டார். அப்புறம் வயதில் மூத்த ஆசிரியை ஒருவர், அபாயம் என்று ஒரு பக்கம், உபாயம் என்று மறுபக்கம் போடுங்கள் என்றார். எல்லோரும் சிரித்துவிட்டு எழுதத் தொடங்கினார்கள். பத்து நிமிடத்தில் பதினொரு வரி வந்தது. அதில் ஒன்று: "மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் தனியாக இருட்டில் வீடு திரும்புவது." இதை மூன்று வருடமாக எந்த விண்ணப்பத்திலும் நாங்கள் எழுதியதில்லை.

கோவையிலிருந்து, புதன் இரவு

அம்மா, அபாயமும் உபாயமும் வடசொற்கள். எதுகை நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டே போனால் கடைசியில் நம் வீட்டில் நம் பாத்திரம் ஒன்றும் இருக்காது. மேலும் அபாயம் என்றால் டிரான்ஸ்பார்மரில் தொங்கும் மண்டையோட்டுப் பலகை நினைவுக்கு வரும்.

இன்னொன்று. தம்பி விண்ணப்பத்தின் தலைப்பில் "மானியம்" என்று போட்டிருக்கிறார். அது கோயில் நிலத்துக்கும் உரத்துக்கும் சொல்வது. "நல்கை" என்ற அழகான சொல் இருக்கப் பல்கலைக்கழக மானியக் குழு என்றே எழுதிப் பழகிவிட்டோம். கடைசிக் கட்டத்துக்கு "எச்ச இடர்" என்று ஒருவர் எனக்குத் தனியஞ்சலில் எழுதினார். "எச்சத்தாற் காணப் படும்" என்பதே ஆட்சி, தாராளமாக வைக்கலாம்.

தேனியிலிருந்து, புதன் இரவு

ஐயா, மன்னிக்கவும். எச்சம் என்றால் எங்கள் பிள்ளைகள் காக்காயைத்தான் நினைப்பார்கள்.

சென்னையிலிருந்து (நான் வேறு ஆள், கணக்காளர்), வியாழன் காலை

நீங்கள் சொல்லுக்கு அடித்துக்கொள்கிறீர்கள். நான் பார்த்தவரை இந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதற்குக் காரணம் சொல் இல்லை, பயம். ரிஸ்க் என்று எழுதினால் காசு வராது என்று நினைத்து "பெரிதாக எதுவும் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள்.

எழுத வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, அதற்குள் வரும் கம்பெனி முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். கம்பெனிக் கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது, பள்ளி ஜூனில் திறக்கிறது. நான் கணக்குப் பார்த்த ஓர் அமைப்புக்குப் பிப்ரவரி கடைசியில் பணம் வந்தது. மார்ச்சுக்குள் செலவுச் சீட்டு கேட்டார்கள். தேர்வு நேரத்தில் எந்த மையத்தில் போய்ச் செலவழிப்பது? நோட்டுப் புத்தகம் வாங்கி அடுக்கினார்கள்.

வெளிநாட்டு நிதி என்றால் வேறு கதை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50-இலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் தடை. பெரிய அமைப்பை நம்பியிருந்த சின்ன அமைப்புகள் பாடு திண்டாட்டம். ஒரே கொடையாளரை நம்பி நடத்துவது ரிஸ்க் என்று அதற்கு முன்பே அந்தக் கட்டத்தில் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்?

எனவே "ரிஸ்க்" என்றே போடுங்கள். பஸ் ஸ்டாண்டில்கூடப் புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் மதியம்

கணக்காளர் சொல்வது சரி, ஆனால் அது இந்தக் குழுவைக் கலைத்துவிடலாம் என்று சொல்வதற்குச் சமம்.

மதுரையிலிருந்து, வியாழன் நள்ளிரவு

எல்லோருக்கும் நன்றி. காலையில் அனுப்பியாக வேண்டும். எண்ணிப் பார்த்ததில் இடருக்கு ஐந்து பேர், அதில் மூன்று பேர் "சரி, வேறு வழியில்லை" என்று எழுதியவர்கள். வருமிடருக்கு இரண்டு. ரிஸ்க், இடர்நேர்வு, ஏதம் தலா ஒன்று.

தலைப்பு "இடர்" என்றே இருக்கட்டும். கீழே சிறிய எழுத்தில் "இனி என்ன தவறிப்போகலாம்?" என்று சேர்த்துவிட்டேன். நான்காம் கட்டம் "முன்னேற்பாடு". தணிப்பு என்று போட்டிருந்ததை எடுத்துவிட்டேன். தணிப்பதற்கு முதலில் தீ பற்றியிருக்க வேண்டும். கடைசிக் கட்டம் "மிஞ்சுவது". மையங்களுக்குப் போகும் பயிற்சித் தாளில் மட்டும் அபாயம், உபாயம். கோவை ஐயா பொறுத்தருள வேண்டும்.

இருட்டில் வீடு திரும்பும் வரியை முதல் வரியாக வைத்திருக்கிறேன். முன்னேற்பாடு: மையத்தை மாலை ஆறரைக்கே முடிப்பது, தெருவுக்கு ஒரு பெற்றோர் கூட வருவது. ஏலக்காய் சீசனில் அந்தப் பெற்றோருக்கு எங்கே போவது என்பது "மிஞ்சுவது" கட்டத்தில் இருக்கிறது.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

பொறுத்தேன். ஆனால் என் எதிர்ப்பைக் குழுவின் சொற்பட்டியலில் பதிவு செய்யவும். "ஏதம்: ஒருவர் மட்டும் ஆதரவு" என்று போட்டாலும் போதும். "முன்னேற்பாடு" நல்ல சொல். ஆனால் "ஏற்பாடு" போலவே ஒலிக்கும் "எற்பாடு" என்ற பழஞ்சொல்லுக்குப் பொருள் பொழுது சாய்தல் என்பதைத் தம்பி கவனித்தாரா? மாலை மையத்துக்குப் பொருத்தம்தான். விரிவாக நாளை எழுதுகிறேன்.