எம்.ஆர். ஊசியா, எம்.எம்.ஆர். ஊசியா?

மதுரைக்காரி:
பாப்பாவுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டோம். அட்டையில் எம்.ஆர். என்று இருக்கிறது. நாத்தனார் பிள்ளைக்குத் தனியாரில் எம்.எம்.ஆர். போட்டார்களாம். எது குறைகிறது? அடுத்த குழந்தைக்கும் யோசிக்கிறோம், நானும் போட வேண்டுமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
குறைவது பொன்னுக்குவீங்கிதாம்மா. அரசு ஊசியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுதான். பயப்படாதே, நிமோனியா வரை இழுத்துவிடும் தட்டம்மைக்கு இதிலேயே காப்பு உண்டு. இரண்டாம் தவணையை 16 முதல் 24 மாதத்துக்குள் போட்டுவிடு. எம்.எம்.ஆர். வேண்டுமென்றால் குழந்தை டாக்டரிடம் அட்டையைக் காட்டிக் கேள்.

உன் விஷயத்தில்தான் அவசரம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் ரூபெல்லா வந்தால் சிசுவின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். ஊசியில் இருப்பது வலுவிழந்த உயிர்க்கிருமி, அதனால் கர்ப்பிணிக்குப் போட மாட்டோம். முன்பே போட்டுக்கொண்டு, ஒரு மாதமாவது கர்ப்பத்தைத் தள்ளிப்போடு. பால் கொடுப்பதற்குத் தடையில்லை.

சேலத்து அப்பா:
ஆட்டிசம் வரும் என்கிறார்களே?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
1998இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வேக்ஃபீல்ட் என்பவர் கிளப்பியது, தம்பி. 2010இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. பிரிட்டனில் அவருடைய மருத்துவப் பதிவும் போனது. 2017இல் இங்கே பள்ளிகளில் எம்.ஆர். முகாம் நடந்தபோதும் வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. எத்தனை அப்பாக்களுக்குப் பதில் சொல்லியிருப்பேன்!

மதுரைக்காரி:
மாமியார் வேப்பிலை போதும் என்கிறார்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:
வேப்பிலை வாசலில் இருக்கட்டும். புதன்கிழமை ஊசி நாள், அவரையும் கூட்டிக்கொண்டு போ.