பீர்மேட்டுச் சரிவில் வீடு: தூணுக்கொரு குழி போதுமா?

கேள்வி (வண்டிப்பெரியாறு): தரைத்தளம் மட்டும் கட்டுகிறேன். மனையின் மேல்பாதி வெட்டிய மண், கீழ்பாதி கொட்டி நிரப்பிய மண். பிளிந்த் பீம் (தூண்களைத் தரைமட்டத்தில் ஒன்றோடொன்று இணைக்கும் கான்கிரீட் உத்திரம்) வீண் செலவு என்கிறார் மேஸ்திரி. இடுக்கி நிலநடுக்க மண்டலம் 3-இல் (மிதமான ஆபத்துள்ள பகுதி) அல்லவா இருக்கிறது?

பதில் (குமுளி, ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்): 3-தான், தம்பி. 2000 டிசம்பரில் கோட்டயம் மாவட்டத்து ஈராற்றுப்பேட்டைப் பக்கம் 5 ரிக்டர் அளவில் ஆடியதை இதற்குள் மறந்துவிட்டார்களா? நிலம் குலுங்கும்போது தனித்தனி அடித்தளங்கள் ஆளுக்கொரு பக்கம் நகரப் பார்க்கும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பீம் போட்டு எல்லாவற்றையும் பிணைத்துவிடுங்கள். அதைவிடப் பெரிய வில்லங்கம் அந்த நிரப்பிய மண். பாதி வீடு கெட்டியிலும் பாதி பொதபொதப்பிலும் நின்றால், நடுக்கமே வேண்டாம், ஓர் இடவப்பாதி மழையே (தென்மேற்குப் பருவமழை) விரிசல் விடவைக்கும். கெட்டி மண் வரும்வரை தோண்டச் சொல்லுங்கள். தூணின் ரிங் கம்பி (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) முனைகள் 135 டிகிரிக்கு உள்ளே மடங்கியிருக்கின்றனவா என்று நீங்களே குனிந்து பாருங்கள். 90-இல் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்!

கேள்வி கேட்டவர்: எட்டடி தோண்டியும் கெட்டி மண் வராவிட்டால், அண்ணாச்சி?

பதில் (கட்டப்பனை): வீட்டை மேல்பாதிக்குத் தள்ளுங்கள். ஆனால் வெட்டிய சரிவை ஒட்டிக் கட்டாதீர்கள். அந்தச் சரிவைத் தாங்கும் தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளைகள் கட்டாயம்.