புதுப்பிப்பு: படிக்கட்டு அவசர விளக்குகள் உடனே அணையும் சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. மின்தடையின்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அவசர விளக்குகள் சில நிமிடங்களிலேயே அணைந்துவிடுகின்றன, பேட்டரி மாற்றி ஓராண்டுகூட ஆகவில்லை என்று கேட்டிருந்தேன்.

"டைமருக்குப் பின்னாலிருந்து இணைப்பு எடுத்திருக்கிறார்களா, பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதுதான் சரி. காலையில் டைமர் படிக்கட்டு விளக்குகளை அணைத்ததும், அதைத் தாண்டி இணைத்திருந்த அவசர விளக்குகளுக்கும் மின்சாரம் நின்றுவிடும்; மின்தடை என்று எண்ணி இவை எரியத் தொடங்கிவிடும். பகல் வெளிச்சத்தில் யார் கவனிப்பார்கள்? பேட்டரி காலியாகி, மாலையில்தான் மறுபடி சார்ஜ் ஏறும். மின்சாரமோ பெரும்பாலும் ஏழு மணிக்கே போய்விடும்.

எலக்ட்ரீஷியன் டைமருக்கு முன்னாலிருந்து தனி பேஸ் வயர் (மின்சாரம் வரும் கம்பி) இழுத்துக் கொடுத்தார். அதே படிக்கட்டு சர்க்யூட்டிலிருந்துதான், அதன் எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தாலும் இவை எரிய வேண்டுமே. சார்ஜ் ஏறுவதைக் காட்டும் பச்சைக் குறிவிளக்கு இப்போது பகலிலும் எரிகிறது. 24 மணி நேரம் சார்ஜ் ஏறவிட்டு எம்.சி.பி.யை இறக்கிச் சோதித்தோம். 3 மணி நேரம் தாக்குப்பிடித்தன, ஒன்றைத் தவிர.

அது மொட்டைமாடித் தளத்தை ஒட்டி மாட்டியது. திறந்தால் நிக்கல் காட்மியம் பேட்டரியின் முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கோடைச் சூட்டில் கசிந்திருக்க வேண்டும். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. புதிய பேட்டரி போட்டு, விளக்கைச் சுவரில் கீழே இறக்கி மாட்டிவிட்டோம்.