தேவன் அவர்மேல பொறுமையா இருந்தப்போ அடி வாங்கினது நாங்கதானே?

பதில்தேடுறவ:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா மனச அரிச்சுக்கிட்டே இருக்குற கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. நெருங்கின சொந்தத்துல ஒருத்தர், வருஷக்கணக்கா குடிச்சிட்டு வந்து வீட்ல இருக்குறவங்கள அடிச்சு, நகைநட்டெல்லாம் அழிச்சு ஒருவழி பண்ணிட்டாரு. இப்போ இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானமும் எடுத்துட்டாரு. சந்தோஷந்தான். ஆனா சபையில சாட்சி சொல்றப்போ "ஆண்டவர் என்மேல எவ்ளோ பொறுமையா இருந்தாரு"ன்னு அழறாரு, எல்லாரும் அல்லேலூயா சொல்றாங்க, எனக்கு மட்டும் வாய் வரமாட்டேங்குது, ஏன்னா அந்தப் பொறுமை நீண்டுக்கிட்டே போன வருஷமெல்லாம் அடி வாங்கினது நாங்க. இப்படி நினைக்கிறதே பாவமா? இந்த ஞாயிறும் அவர் சாட்சி இருக்கு, குடும்பமா முன்னாடி வந்து நிக்கணும்னு வேற சொல்றாங்க.

கடுகுவிதை:
சிஸ்டர் 2 பேதுரு 3:9 படிங்க. ஒருத்தரும் கெட்டுப்போகக்கூடாது எல்லாரும் மனந்திரும்பணும்னுதான் கர்த்தர் நீடிய பொறுமையா இருக்காரு. நாமளும் பாவிங்கதானே, மன்னிச்சு விட்ருங்க, கசப்பு வேண்டாம்.

விழித்திரு:
பிரதர் வசனம் சரிதான், ஆனா அவங்க கேட்டதுக்கு அது பதில் ஆகாது. சிஸ்டர், உங்க கேள்விய பரலோகத்துலயே கேட்டிருக்காங்க. வெளிப்படுத்தல் 6:10 பாருங்க, கொல்லப்பட்டவங்களோட ஆத்துமாக்கள் பலிபீடத்துக்குக் கீழ இருந்து "எதுவரைக்கும் ஆண்டவரே"ன்னு சத்தம் போடுறாங்க. கசப்புன்னு யாரும் அவங்கள கண்டிக்கல, வெள்ளை அங்கி கொடுத்து இன்னும் கொஞ்சகாலம் இளைப்பாறச் சொல்றாரு.

யூதாவோட ராஜா மனாசேய எடுத்துக்கோங்க. 55 வருஷம் ஆண்டான், பெத்த புள்ளைங்களையே தீக்கடக்கப் பண்ணினவன். பாபிலோனுக்கு விலங்கு போட்டு இழுத்துட்டுப் போனப்போதான் தன்னைத் தாழ்த்தி ஜெபம் பண்றான், தேவனும் இரங்கி மறுபடி சிம்மாசனத்துல உக்கார வைக்கிறாரு (2 நாளாகமம் 33). எனக்கே ஜீரணிக்கக் கஷ்டமான இரக்கம் அது. ஆனா 2 இராஜாக்கள் 24:4 வாசிச்சா, அவன் சிந்தின குற்றமில்லாத இரத்தத்த கர்த்தர் மன்னிக்க சித்தமில்லாம இருந்தாருன்னு எழுதியிருக்கு, அது அவன் செத்து பல வருஷம் கழிச்சு. இந்த ரெண்டையும் நான் இன்னும் முழுசா பொருத்திப் பார்த்து முடிக்கல, ஆனா ஒண்ணு தெரியுது, கொன்னவன்மேல இரங்குனதால செத்தவங்கள அவர் மறக்கல.

அப்புறம் இன்னொண்ணு, முன்னாடி விசுவாசிங்கள துன்பப்படுத்தின பவுல் மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தப்போ சீஷருங்க அவர நம்பாம பயந்தாங்க (அப்போஸ்தலர் 9:26). அதுக்காக அவங்கள யாரும் திட்டல. பர்னபாதான் கூட நின்னு நடந்ததையெல்லாம் சொல்லி சேர்த்துவிட்டாரு. முன்னாடி வந்து நிக்கறதும் நிக்காததும் உங்க விருப்பம், பாஸ்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஒப்புரவு:
நான் கத்தோலிக்கன், நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க பக்கம் ஒப்புரவு அருட்சாதனத்துல, அதாவது குருகிட்ட பாவத்த அறிக்கையிடுறப்போ, பாவமன்னிப்பு கொடுத்தாலும் பரிகாரம்னு ஒண்ணு உண்டு. ஜெபத்தோட முடியுற விஷயம் இல்ல அது, திருடியிருந்தா திருப்பிக் கொடுக்கணும், ஒருத்தர் பேர கெடுத்திருந்தா அத சரிபண்ணணும். வரி வசூலிச்ச சக்கேயு இயேசுவ வீட்டுல வச்சுக்கிட்டே, ஏமாத்தினவங்களுக்கு நாலு மடங்கு திருப்பித் தர்றேன்னாரு, அப்புறந்தான் "இன்று இந்த வீட்டுக்கு மீட்பு"ன்னு இயேசு சொல்றாரு. இவர் உங்க வீட்டுல இருக்குறவங்ககிட்ட நேர்ல வந்து, இன்னது இன்னது செஞ்சேன்னு சொல்லி மன்னிப்பு கேட்டாரா? அத கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு.

பதில்தேடுறவ:
இல்ல பிரதர், கேக்கல. மைக்ல ஆண்டவர்கிட்ட கேட்டாரு, அவ்ளோதான். விழித்திரு பிரதர் சொன்ன அதிகாரத்த இப்போதான் முழுசா வாசிச்சேன், 15ஆம் வசனத்துல மனாசே திரும்பி வந்ததும் அந்நிய தெய்வங்களுக்குத் தான் கட்டின பலிபீடங்களையே எடுத்து பட்டணத்துக்கு வெளிய போடுறான். அவர்மேல தேவன் இரங்கினது எனக்குப் பொறாமையா இல்ல, நெஜமாவே. ஞாயிறு நான் முன்னாடி போய் நிக்கப்போறதில்ல, பாஸ்டரம்மாகிட்ட இன்னைக்கு சாயங்காலமே பேசிடுறேன்.