ஓர்க் பாத்திரங்களின் இரண்டாம் பெயர்: ‘ஈட்டுபெயர்’ என்ற சொல் பற்றி

குழுமத்தாருக்கு வணக்கம்.

வேடமேற்பு விளையாட்டுகளில் (ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையை நடத்தும் ஆட்டங்கள்) ஓர்க் (orc, மாயக்கதைகளில் வரும் முரட்டுப் போர் இனம்) பாத்திரங்களுக்குப் பெயர் வைக்கும் முறையைத் தமிழில் எழுத முனைந்தால் ஓரிடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறோம். பல ஆட்டங்களில் ஓர்க்குக்கு இரண்டு பெயர். பிறந்ததும் கூட்டம் இடுவது ஒன்று; பிறகு தன் செயலால் வந்து சேர்வது மற்றொன்று. முன்னதை ‘இடுபெயர்’ எனலாம், சிக்கல் இல்லை. பின்னதற்கு ‘ஈட்டுபெயர்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

‘ஓர்க்’ என்பதை ஒலிபெயர்ப்பாகவே விட்டிருக்கிறேன். அரக்கர் என்றால் புராணம் முழுவதும் கூடவே வந்துவிடுகிறது. கூளி ஆசை காட்டும் சொல்தான். கலிங்கத்துப்பரணியில் காளிக்குப் போரைச் சொல்வதே கூளிதானே. ஆனால் கூளி பேய். ஓர்க்குக்குப் பிறப்பும் காயமும் சாவும் உண்டு. வாயால் சொல்லும்போது ‘கூலி’ என்றும் கேட்கும்.

இனி ஈட்டுபெயர். ‘பட்டப்பெயர்’ இங்கே உதவாது. பேச்சு வழக்கில் அது பிறர் கேலிக்கு வைப்பது. ‘விருதுப்பெயர்’ மேலே இருப்பவர் வழங்குவது. ‘அடைமொழி’ மிகப் பொது. கறுத்த, நெட்டை என்பனவும் அடைமொழிகளே. நமக்கு வேண்டியது உரியவரே உழைத்துப் பெற்ற பெயர். ‘நற்பெயர் ஈட்டினார்’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். தேடுபொறி, தொடுதிரை போல இதுவும் வினைத்தொகை: ஈட்டிய பெயர், ஈட்டுகிற பெயர், ஈட்டும் பெயர் மூன்றும் அதற்குள் அடங்கும். ஆட்டம் தொடங்கும் முதல் லெவலில், கேரக்டர் ஷீட்டில் (பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாளில்) இந்தப் பெயருக்கான கட்டம் காலியாகத்தான் இருக்கும். ‘ஈட்டிய பெயர்’ என்று அச்சிட்டால் காலிக் கட்டத்துக்கு அது பொருந்தாது.

அமைப்புக்குப் பெயரெச்சமே சரி என்பது என் எண்ணம்: ‘பாறை பிளந்த’ முன்னால், இடுபெயர் பின்னால். ‘தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்’ என்ற அதே வார்ப்பு. ‘பிளந்தான்’ என்று கடைசியில் வைத்தால் ஆணா பெண்ணா என்று முடிவு செய்தாக வேண்டும். பெயரெச்சத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நீளம் இரண்டு சொல், எட்டு எழுத்துக்குள் நிற்கட்டும். எல்லாப் பெயரும் கொலையாக இருந்தால் ஐந்து ஓர்க்குகளும் ஒரே ஆளாகிவிடுவார்கள். ‘பாலம் தாங்கிய’, ‘பனி கடந்த’ போன்றவை மனத்தில் தனித்தனியாகத் தங்கும். செயல் எது, எங்கே நடந்தது, யார் பார்த்தார் என்ற மூன்றுக்கும் விடையில்லாத ஈட்டுபெயரைக் கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) ஒப்புக்கொள்ளக் கூடாது.

* * *

> தேடுபொறி, தொடுதிரை போல இதுவும் வினைத்தொகை

சொல்லின் பொருள் எனக்கு உடன்பாடு. சந்திதான் இடிக்கிறது. வெட்டுக்கிளி, கட்டுச்சோறு, சுட்டுப்பெயர் எல்லாவற்றிலும் வல்லினம் மிகுகிறது. ‘ட்டு’ என முடியும் சொல்லுக்குப் பின் ஒற்று போடுவது தமிழ்க் கைக்குப் பழக்கம். நாம் ‘ஈட்டுபெயர்’ என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றினாலும் அடுத்த மாதமே பாதிப் பேர் ‘ஈட்டுப்பெயர்’ என்று எழுதுவார்கள். அந்த வடிவையே ஏற்றுக்கொண்டால் என்ன?

* * *

சந்தியை இலக்கணம் அறிந்தவர்களுக்கு விட்டுவிட்டு இடுபெயரைப் பற்றிச் சொல்கிறேன். ஈட்டுபெயரைத் தாங்கி நிற்பது அதுதான். அது சொதப்பினால் முன்னால் என்ன வைத்தும் பயனில்லை.

ஆங்கிலப் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து அப்படியே தமிழில் எழுதுவது முதல் பிழை. நம் ‘க’ சொல்லின் முதலில் ஓர் ஒலி, இரண்டு உயிர்களுக்கு நடுவில் வேறோர் ஒலி. முதலில் வரும் அதிர்வொலியை எழுத்து காட்டாது என்பதால் ஆளுக்கொரு விதமாக வாசிப்பார்கள். தமிழ் ஒலிமரபிலிருந்தே தொடங்கி, ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே அதை உடைப்பது நல்லது. நம் மரபில் ட சொல்லுக்கு முதலில் வராது. அங்கே உடைத்தால் காதுக்கு உடனே அயல் என்று தெரியும்: டொகட்டு. ற, ழ இரண்டும் முதலில் வராதவைதான், ஆனால் பலர் நாக்கில் ற ரகரமாகிறது, ழ ளகரமாகிறது. அவற்றை விட்டுவிடலாம்.

ஈற்றில் உடைக்காதீர்கள். ‘டொகட்’ என்று வல்லின மெய்யில் முடித்தால் வேற்றுமை உருபு சேரும்போது ஒருவர் ‘டொகடை’ என்பார், மற்றவர் ‘டொகட்டை’ என்பார். ‘ட்டு’ அல்லது ‘ப்பு’ என்று முடித்தால் டொகட்டை, டொகட்டுக்கு, டொகட்டோடு என வழுக்காமல் வரும். ‘க்கு’ வேண்டாம், நான்காம் வேற்றுமையில் ‘க்குக்கு’ என்று திக்கும்.

உருபு சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பார்க்காமல் எந்தப் பெயரையும் முடிவு செய்ய வேண்டாம். ‘குரட்டு’ தாளில் கம்பீரமாக இருக்கிறது. ‘குரட்டை வெட்டு’ என்று சொன்னதும் எல்லோருக்கும் குறட்டைதான் கேட்கும். அந்தப் போர்க்காட்சி அத்தோடு போயிற்று. ஒரே குழுவில் இரண்டு பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்: டொகட்டு, மூரப்பு, நூசட்டு. பெண் ஓர்க் என்பதற்காக இகரம் சேர்த்துக் குழைக்க வேண்டியதில்லை. இதே வார்ப்பு அவர்களுக்கும் போதும்.

* * *

> அந்த வடிவையே ஏற்றுக்கொண்டால் என்ன?

ஏற்றுக்கொள்ள முடியாது, பொருளே மாறிவிடும். வெட்டு, கட்டு, சுட்டு என்பவை தனியாகவே பெயராகவும் வழங்குபவை: ‘ஒரு வெட்டு’, ‘ஒரு கட்டு’ என்கிறோம். அதனால் அங்கே ஒற்று மிகுகிறது. ‘ஒரு ஈட்டு’ என்று யாரும் சொல்வதில்லை. ஈட்டு பெயராக வருவது ‘ஈடு’ என்பதன் திரிபாக மட்டுமே. அடகு வைத்து வாங்குவது ஈட்டுக்கடன். ஆகவே ‘ஈட்டுப்பெயர்’ என்று எழுதினால் அடகு வைத்த பெயர் என்றாகும். காதிலும் வேறுபாடு தெளிவு: ஒற்றில்லாவிட்டால் பகரம் மெலிந்து ஒலிக்கும், ஒற்றிருந்தால் அழுத்தமாக விழும்.

யோசித்தால் அடகு வைத்த பெயரும் ஆட்டத்துக்குத் தேவைப்படுகிறது. ஓர் ஓர்க் ‘அந்தக் கோட்டையை இடிப்பேன்’ என்று கூட்டத்தின் முன் சூளுரைத்து, இடிப்பதற்கு முன்பே ‘கோட்டை இடித்த’ என்ற பெயரைச் சுமக்கிறாள். முடித்தால் அது அவளுடையது; தவறினால் பிடுங்கப்படும். ஆனால் ஒரு புள்ளி வேறுபாட்டில் இரண்டு கலைச்சொற்களை வைத்தால் அச்சில் நிச்சயம் குழம்பும். அதற்கு ‘வஞ்சினப்பெயர்’ என்று தனிச்சொல் கொடுப்போம்.

பட்டியலுக்கு என் வரைவு:

இடுபெயர் – பிறப்பில் கூட்டம் இடுவது.
வஞ்சினப்பெயர் – சூளுரைத்துச் சுமப்பது. ஷீட்டில் பென்சிலால் எழுதுக.
ஈட்டுபெயர் – செயலால் பெற்றது, வினைத்தொகை, ஒற்று மிகாது, பேனாவால் எழுதுக.

கூட்டத்தின் பெயருக்கு இன்னும் சொல் வரவில்லை. ‘குடிப்பெயர்’ போதுமா?