நெல்வயல் கேட்டா மலைச்சரிவு வருது: லென்ஸ் பேரை எழுதணுமா, நிலத்தை எழுதணுமா?

குடமுருட்டி:
திருவையாறு பக்கத்து சம்பா அறுவடையை அகலத்திரைக் காட்சி மாதிரி உருவாக்கணும். எழுத்தைப் படிச்சுப் படம் வரையுற ஏஐ மாடலான எஸ்டிஎக்ஸ்எல்-க்கு (ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல்) ஆங்கிலத்துல குடுத்த ப்ராம்ப்ட், அதாவது படத்துக்கான விவரிப்பு, இது: "சினிமாட்டிக், மாஸ்டர்பீஸ், 8கே, நெல்வயலில் அறுக்கும் பெண்கள், கோல்டன் ஹவர், 85எம்எம்". வந்ததோ மலைச்சரிவுல படிப்படியா வயல், தலையில கூம்புத் தொப்பி, படம் முழுக்க ஆரஞ்சு. எதை மாத்தலாம்?

வெட்டாறு:
முதல் மூணு சொல்லையும் வெட்டுங்க. 8கேன்னு எழுதுறதால ஒரு பிக்ஸல்கூட கூடாது. படத்தோட பிக்ஸல் அளவைத் தனியாத்தான் குடுக்கணும். கூம்புத் தொப்பி வர்ற காரணம் எளிது. மாடல் படிச்ச நெல்வயல் படங்கள்ல வியட்நாம், பாலி படிவயல்கள்தான் நிறைய. நீங்க நிலத்தைச் சொல்லலைன்னா அது தனக்குத் தெரிஞ்ச நிலத்தைப் போடும். நம்ம ஊர் தட்டைத் தரை. "கண்ணுக்கெட்டிய வரை சமதளம், தாழ்ந்த தொடுவானம், தூரத்துல தென்னையும் பனையும் வரிசையா" என்று எழுதுங்க. வரப்புன்னா அதுக்குப் புரியாது. "நேர்கோட்டில் போகும் குறுகிய மண் கரை" என்று விவரிக்கணும். பெண்கள் சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை, தலையில துண்டு, கையில கதிர் அறுவாள். இதைச் சொன்னாலே தொப்பி பாதி போயிடும்.

அரசலாறு:
நிலம் சரிதான் வெட்டாறு. ஆனா அவர் கேட்டது சினிமாக் காட்சி. நீங்க சொன்னபடி எழுதினா வேளாண்மைத் துறை காலண்டர் படம் வரும். சட்டகத்தைக் கட்டுறது லென்ஸ் சொல்லும் ஷாட் சொல்லும்தான். "எக்ஸ்ட்ரீம் வைட் ஷாட், லோ ஆங்கிள், அனமார்ஃபிக்" (அகலத்திரைப் படத்துக்கான லென்ஸ் வகை) ப்ராம்ப்டோட முதல் வரியில இருக்கணும். சினிமாஸ்கோப் விகிதம் 2.39க்கு 1. எஸ்டிஎக்ஸ்எல்-ல அதுக்குக் கிட்ட வர்ற அளவு 1536 x 640. பழைய ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடல் 512 பிக்ஸல் அளவுப் படங்கள்ல பயிற்சி பெற்றது, அதுல நேரா இந்த அகலம் குடுத்தா ஒரே ஆள் ரெண்டு தடவை நிப்பார். மிட்ஜர்னிங்கிற இன்னொரு பட ஏஐன்னா ப்ராம்ப்ட் கடைசியில ரெண்டு கோடு போட்டு ஏஆர் (அகல-உயர விகிதம்) 21:9.

வெட்டாறு:
அளவுல சண்டை இல்லை. லென்ஸ் எண்லதான் சண்டை. மாடலுக்குள்ள கண்ணாடியும் இல்லை, குவியத் தூரமும் இல்லை. படத்துக்குக் கீழ மனுஷங்க எழுதி வெச்ச குறிப்புகள்தான் இருக்கு. 85எம்எம்னு குறிப்பு போட்ட படங்கள் பெரும்பாலும் முகப்படங்கள். அதனால வயலைக் கேட்டாலும் ஒரு முகத்தை முன்னால நிறுத்திப் பின்னணியை மங்கலாக்கிடும். 35எம்எம் லென்ஸுக்கும் பேர், ஃபிலிம் சுருளுக்கும் பேர். அகலம் கேட்டா சில சமயம் ஃபிலிம் புள்ளிதான் வரும். எண்ணை நம்புறதைவிட "ஆட்கள் சட்டகத்தில் பத்தில் ஒரு பங்கு உயரம்" என்று எழுதுறது மேல்.

அரசலாறு:
85 இந்தக் காட்சிக்குத் தப்பு, ஒத்துக்கிறேன். அனமார்ஃபிக் அப்படி இல்லை. அந்தச் சொல்லோட குறுக்கே ஓடுற ஒளிக்கீற்றும் நீள்வட்ட மங்கலும் சேர்ந்தே வரும். வேற வர்ணனையால அதைக் கொண்டுவர்றது கஷ்டம்.

கொள்ளிடக்கரை:
ரெண்டு பேரும் வெளிச்சத்தை விட்டுட்டீங்க. ஆரஞ்சுக்குக் காரணம் "கோல்டன்". அந்த நிறச் சொல் வானத்தோட நிக்காது, கதிர், சேலை, தோல் எல்லாத்துலயும் ஒழுகும். தை மாசக் காலைன்னா பனிமூட்டம் உண்டு. "சூரியன் தாழ்வாக இடப்பக்கப் பின்னணியில், தரையோடு படர்ந்த மெல்லிய மூடுபனி, நீண்ட நிழல்" என்று திசையோட எழுதணும். குறுவை அறுவடைக்கு இதே வெளிச்சம் போட்டா பொய். புரட்டாசி, ஐப்பசியில மேகம் மூடிய பரவல் ஒளி. பருவத்தை முடிவு பண்ணிட்டா ஒளி தானா முடிவாகும். சிஎஃப்ஜியை (ப்ராம்ப்டை எவ்வளவு கறாரா பின்பற்றணும்ங்கிற அளவு) 5லிருந்து 7க்குள்ள வைங்க; 12 தாண்டினா நிறம் கருகும்.

குடமுருட்டி:
"மலை வேண்டாம்"னு ப்ராம்ப்ட்லயே சேர்த்தேன். மலை இன்னும் பெருசா வந்துச்சு. தமிழ்ல எழுதினா சம்பந்தமே இல்லாத படம்.

வெட்டாறு:
இந்த மாடல்ல ப்ராம்ப்டைப் படிக்கிற பகுதியான கிளிப்புக்கு "வேண்டாம்" பிடிபடாது, "மலை"தான் காதுல விழும். மலை, படிவயல், கூம்புத் தொப்பி மூணையும் நெகட்டிவ் ப்ராம்ப்ட் பெட்டியில (படத்துல வரக்கூடாததை எழுதுற இடம்) போடுங்க. மிட்ஜர்னியில அதுக்கு நோ கட்டளை. ஃப்ளக்ஸ் டெவ்-ங்கிற பட மாடல்ல வழக்கமான அமைப்புல அந்தப் பெட்டி கிடையாது, அங்க "சமதளம்"னு நேர்மறையாத்தான் சொல்லணும். தமிழ் எடுபடாததுக்குக் காரணம், கிளிப் படிச்சது பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்பு. "நெல்"ங்கிற சின்னச் சொல்லே 12 பைட். துண்டுதுண்டா உடைஞ்சு அர்த்தமில்லாம போகும். ஒரு கட்டுக்கு 75 டோக்கன்தான் (சொல் துண்டு) இடம், அதனால முக்கியமானதை முன்னால வைங்க.

கொள்ளிடக்கரை:
பின்னணியில பெரிய கோயில் வைக்கப் போறீங்கன்னா ஒரு எச்சரிக்கை. "தென்னிந்தியக் கோயில்"னு எழுதினா வண்ணம் பூசிய ராஜகோபுரம் வரும். தஞ்சாவூர்ல உயரமானது கருவறைக்கு மேல நிக்கிற விமானம், 216 அடி, பூச்சு இல்லாத கருங்கல், 13 தளம். இப்படி விவரிச்சாலும் உருவம் கோணும். நிஜமான கட்டடத்துக்குச் சொல்லை நம்பாதீங்க. சொந்தமா எடுத்த போட்டோவைக் கன்ட்ரோல்நெட் டெப்த்துக்கு (போட்டோவோட ஆழ அமைப்பைப் பின்பற்ற வைக்கிற துணைக்கருவி) குடுத்து, வலிமையை 0.6 பக்கம் வைங்க.

அரசலாறு:
குடமுருட்டி, 85ஐ எடுத்துடுங்க, நிலமும் ஒளியும் இவங்க சொன்னபடியே இருக்கட்டும். சீட் எண்ணை (படம் தொடங்குற தற்செயல் எண்) மாத்தாம, அனமார்ஃபிக் சேர்த்து நாலு, சேர்க்காம அதே சீட்ல நாலு போட்டு இங்க ஒட்டுங்க. வேற ஒரு சொல்லையும் தொடாதீங்க, தொட்டா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. அதைப் பார்த்துட்டு வெட்டாறு பேசட்டும்.