தைஹே மண்டப மாதிரி: டௌகொங் கட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குதில்லை

வெள்ளவத்தை மாதிரிக்குழு:
வணக்கம். பாடசாலைக் கண்காட்சிக்கு பீஜிங் தடைசெய்யப்பட்ட நகரத்தை 1:200இல் முழுதாகச் செய்ய இருக்கிறோம். அதன் பிரதான மண்டபமான தைஹே மண்டபத்தின் இறவாரத்துக்குக் கீழே, கூரையைத் தாங்க அடுக்கடுக்காக வருகிற டௌகொங் கட்டைகளை 5 மி.மீ. போம் போட்டில் வெட்டிப் பார்த்தோம். முகப்போடு ஓடுகிற கட்டையை வைத்த பிறகு, வெளியே நீளுகிற கட்டை இறங்க மறுக்கிறது. அமர்த்தினால் போட் நசிகிறது. கூரைக்கு கார்ட்போட்டை வளைத்தால் சறுக்கு மாதிரித்தான் வருகிறது. எங்கே பிழை? விளக்கப் பலகையில் போட இலங்கைத் தொடர்பு ஏதும் இருந்தாலும் சொல்லுங்கள்.

தச்சுக்கணக்கு:
முதலில் அளவைப் பாருங்கள். வளாகம் வடக்கு தெற்காக 961 மீ., கிழக்கு மேற்காக 753 மீ. 1:200 என்றால் 4.8 மீ. நீளம் வரும், எந்த வகுப்பறை மேசையிலும் நிற்காது. முழு வளாகத்தை 1:1000இல் செய்யுங்கள், 52 மீ. அகழியையும் சேர்த்து நாலடிக்கு நாலடி பிளைவுட்டில் அடங்கும். தைஹே மண்டபத்தைத் தனியாக 1:100இல் செய்யலாம்: நீளம் 64 செ.மீ., ஆழம் 37 செ.மீ., மூன்றடுக்குச் சலவைக்கல் மேடையோடு உயரம் 35 செ.மீ. டௌகொங் ஒரே ஒரு தொகுதி, பெரிதாக, கையில் எடுத்துப் பிரித்துக் காட்டுகிற மாதிரி. இதில் புதுமை ஒன்றும் இல்லை. 1695இல் இந்த மண்டபத்தைத் திரும்பக் கட்டியபோது தலைமைத் தச்சர் லியாங் ஜியு பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து வைத்துத்தான் வேலையை நடத்தினார்.

கட்டை இறங்காததற்குக் காரணம், காடியை (கட்டைகள் கோத்துக்கொள்ளும் வெட்டுப் பள்ளத்தை) மாறி வெட்டியிருப்பீர்கள். முகப்போடு ஓடும் கட்டைக்குக் காடி மேல் பக்கம். வெளியே நீளும் கட்டைக்குக் காடி அடிப்பக்கம். முதலாவது முதலில் உட்கார வேண்டும், மற்றது அதன் மேல் கவிழ வேண்டும். எந்த அடுக்கிலும் இதே ஒழுங்குதான்.

அளவு எல்லாம் ஒரே இடத்தில் பிறக்கிறது: அடிக்கட்டையில், வெளியே நீளும் கட்டை உட்காரும் வாயின் அகலம். சீனாவின் சிங் வம்சக் காலத் தச்சுக் கணக்கில் அதுதான் அலகு. வாயை 10 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கட்டை 30 × 30, உயரம் 20. அந்த 20இல் மேல் 8 காது (வாயின் ஆழமும் இதுவே), நடு 4 இடுப்பு, கீழ் 8 சாய்ந்த அடி. முதல் அடுக்கில் முகப்புக் கட்டை 62 நீளம், 20 உயரம், 12.4 தடிப்பு. அதைக் குறுக்கே வெட்டும் கட்டையும் 20 உயரம், ஆனால் தடிப்பு 10தான். ஆகவே அடிக்கட்டையின் இரண்டு வாய்களும் ஒரே அகலம் இல்லை. இதை மறந்தால் ஒன்று இறுகும், மற்றது ஆடும். இரண்டு கட்டையிலும் காடி 10 ஆழம். மேலே வரும் நீளக் கட்டை 92. வெளியே ஒவ்வொரு படியும் 30 நீளும். தொகுதிக்குத் தொகுதி நடு அளவு 110.

போம் போட், பல்சா இரண்டும் வேண்டாம், காடி ஓரம் உடைந்துவிடும். மகோகனித் துண்டு போதும், நார் கட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும். கொழும்பு ஈரப்பதத்தில் மரம் கொஞ்சம் ஊதும். காடியில் கால் மி.மீ. தளர்வு விடுங்கள். பசை பூச வேண்டாம், சின்னக் கட்டைகளுக்கு மூங்கில் பல்குச்சி ஆணி போதும். நிலநடுக்கத்தில் கட்டைகள் உரசி அசைந்து அதிர்வை வாங்கிக்கொள்வதுதான் இந்த அமைப்பின் உயிர். ஒட்டிவிட்டால் அதைக் காட்ட முடியாது.

கட்டை நுனியின் வளைவை அரைவட்டமாக அராவாதீர்கள். அது நேர்வெட்டுகளால் ஆனது: 62 கட்டைக்கு நாலு, 92 கட்டைக்கு மூன்று, மேல் வெளிநுனியில் வரும் 72 கட்டைக்கு ஐந்து. நம் கோயில் தூண் போதிகையைப் பார்த்துப் பழகிய கண் இங்கேதான் ஏமாறும்.

கொட்டாஞ்சேனை வாசகி:
கூரையைப் பற்றி. அட்டையை வளைக்கவே கூடாது. ஒரு வளையிலிருந்து (கைமரத்தைத் தாங்கும் கிடைமரம்) அடுத்த வளைக்கு நேர்க்கோடாகத்தான் கைமரம் போகும், சரிவு மட்டும் மாறும். ஒன்பது வளைக் கூரைக்கு இறவாரத்திலிருந்து முகட்டுக்கு உயர்வு விகிதம் 0.5, 0.65, 0.75, 0.9. வளை இடைவெளி 30 மி.மீ. என்றால் 15, 19.5, 22.5, 27 என்று ஏறி மொத்தம் 84. பக்கவாட்டு வெட்டுமுகத்தை முதலில் கடதாசியில் கீறி, அதன்படி விலா அட்டைகள் வெட்டி நிறுத்தி, மேலே அட்டையை மடித்து ஒட்டுங்கள். மூலைக்கு வேறு கணக்கு: மூலைக் கைமரத்தின் நுனி மூன்று கைமர விட்டம் வெளியே தள்ளும், நாலு விட்டம் மேலே எழும். அந்த எழும்பல் இல்லாவிட்டால் கூரை தொங்கின மாதிரி இருக்கும்.

நிறத்தில் ஒரு கவனம். 1:1000 மாதிரியில் எல்லாக் கூரைக்கும் மஞ்சள் அடித்துவிடாதீர்கள். வென்யுவான் நூலகத்துக்குக் கறுப்பு ஓடு, பச்சை விளிம்பு. சீன மரபில் கறுப்பு தண்ணீரின் நிறம், நூலகத்துக்குத் தீப் பயம். இளவரசர்கள் இருந்த பகுதிக்குப் பச்சை.

வெள்ளவத்தை மாதிரிக்குழு:
மிக்க நன்றி அக்கா, ஐயா. காடியை மாறித்தான் வெட்டியிருந்தோம். இலங்கைத் தொடர்பு?

தச்சுக்கணக்கு:
கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிற காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் கடற்படை கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதி, சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு. அதை அனுப்பிய யொங்லெ பேரரசர்தான் இந்த அரண்மனையையும் கட்டுவித்தவர். வேலை 1406இல் தொடங்கி 1420இல் முடிந்தது. கல்வெட்டு எழுதியபோது அரண்மனை முடியவில்லை.

ஆனால் பலகையில் "யொங்லெ கட்டிய தைஹே மண்டபம்" என்று எழுதாதீர்கள். அவருடைய மண்டபம் 1421லேயே எரிந்துபோனது. பிறகும் பலமுறை எரிந்தது. நீங்கள் செய்கிற முகப்பில் தூண்களுக்கு நடுவே பதினொரு இடைவெளி உள்ள மண்டபம் சிங் பேரரசர் காங்ஷி காலத்தில், 1695இல் தொடங்கிக் கட்டினது.